காரில் ‘ஊங்...’ என்று சத்தமா? வீல் பேரிங்கைச் சோதிப்போம்

உப்பூர் வெயிலுகந்த விநாயகரைக் கும்பிட்டு, தேவிபட்டினம் நவபாஷாணம் பார்த்து, அப்படியே ராமேசுவரம் போவது பல குடும்பங்களின் வழக்கம். காரில் ஐந்து பேர், டிக்கி நிறைய பைகள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் 60-ஐத் தொட்டதும் காலுக்கு அடியிலிருந்து ‘ஊங்...’ என்று ஒரு சத்தம். “ரோடு அப்படி” என்கிறார் ஒருவர். இன்னொருவர் பாட்டுச் சத்தத்தைக் கூட்டிவிடுகிறார். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம் என்று விடுகிறோம்.

அந்தச் சத்தம் வீல் பேரிங்கிலிருந்து வந்தால், அது தானாகச் சரியாகாது. சக்கரத்தைத் தாங்கும் பாகமே தேய்கிறது என்று அர்த்தம். பத்து நிமிடம் ஒதுக்கினால் நீங்களே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.

கடலோரத்தில் ஏன் கூடுதல் கவனம்?

பேரிங் என்பது இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே உருளும் குண்டுகள் அல்லது உருளைகள். உள்ளே கிரீஸ், இரு ஓரத்திலும் ரப்பர் சீல். காரின் எடை முழுவதும் இந்த நான்கு சக்கர பேரிங்குகள் வழியாகத்தான் சாலையில் இறங்குகிறது.

சீல் வழியாக உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கிரீஸ் கெட்டு, எஃகில் துரு பிடித்துச் சின்னச் சின்னக் குழிகள் விழும். அந்தக் குழிகள்மேல் குண்டுகள் உருளும்போது எழுவதுதான் ‘ஊங்...’ சத்தம். ஓடிச் சூடான சக்கரம் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கி, தண்ணீரை உள்ளே இழுக்கும். 2017-இல் தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்துவிட்டது. போட்டோவுக்காகக் காரை அலைக்குள் இறக்க வேண்டாமே! கடலோரம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். ஆனால் பிரஷர் வாஷ் பைப்பைச் சக்கரத்தின் நடுப்பகுதிக்கு நேராகப் பிடிக்கச் சொல்லாதீர்கள். பெரிய பள்ளத்தில் வேகமாக விழுவதும் பேரிங்கைக் கெடுக்கும்.

ஓட்டிக்கொண்டே சோதிப்பது

ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பக்கத்தில் இருப்பவர் செல்போனில் சத்தத்தைப் பதிவு செய்யட்டும். ஓட்டுபவர் போனைத் தொடவே கூடாது.

1. வேகம் கூடக் கூட சத்தம் கூடுகிறதா? ஒரு விநாடி கிளட்ச்சை மிதியுங்கள். இன்ஜின் சத்தம் குறைந்தும் ‘ஊங்’ அப்படியே இருந்தால், கோளாறு சக்கரப் பக்கம். இதற்காக இன்ஜினை அணைக்கக் கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் கனத்துவிடும்.

2. வளைவில் சத்தம் மாறுகிறதா? வலப்பக்கம் திரும்பும்போது எடை இடப்பக்கச் சக்கரங்கள்மேல் சாயும். அப்போது சத்தம் கூடினால், பெரும்பாலும் இடப்பக்க பேரிங். இடப்பக்கம் திரும்பும்போது கூடினால் வலப்பக்கம்.

3. சாலை மாறும்போது சத்தமும் மாறுகிறதா? புதுத் தார், சிமெண்ட் சாலை என்று மாற மாற சத்தமும் மாறினால் டயராக இருக்கலாம். முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் பாருங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

4. ஸ்டியரிங்கை முழுசாக ஒடிக்கும்போது மட்டும் ‘டக் டக்’ என்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட்டைப் பாருங்கள். பிரேக் மிதித்தால் மட்டும் கிறீச்சிட்டால் பிரேக் பேடைப் பாருங்கள்.

ஜாக்கி வைத்துச் சோதிப்பது

சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

தூக்கிய சக்கரத்தைக் கடிகாரம் போல நினைத்துக்கொள்ளுங்கள். 12 மணி, 6 மணி இடங்களில் இரு கைகளால் பிடித்து ஆட்டுங்கள். ‘டொக்’ என்று ஆட்டம் தெரிந்தால், இன்னொருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங் பக்கம். அப்பவும் ஆடினால் பால் ஜாயிண்ட் போன்ற சஸ்பென்ஷன் பாகம். 9 மணி, 3 மணி இடங்களில் மட்டும் ஆடினால் டை ராடைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு கையைச் சுருள் ஸ்பிரிங் மேல் வைத்துக்கொண்டு, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங் போயிருந்தால் ஸ்பிரிங்கில் ஒரு கரகரப்பு தெரியும். மறுபக்கச் சக்கரத்தையும் சுற்றி ஒப்பிடுங்கள். ஆட்டம் இல்லை என்பதற்காக பேரிங் நல்லா இருக்குன்னு முடிவு கட்டாதீர்கள். சத்தம் முதலில் வரும், ஆட்டம் பிறகுதான் வரும்.

இன்னும் எவ்வளவு தூரம் ஓட்டலாம்?

இத்தனை கிலோமீட்டர் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. லேசான சத்தம் மட்டும் என்றால் மெதுவாக ஓட்டி நேராக ஒர்க்‌ஷாப் போங்கள். சக்கரத்தில் ஆட்டம், அரைக்கும் சத்தம், தீய்ந்த வாடை, ஏபிஎஸ் விளக்கு எரிவது - இதில் ஒன்று இருந்தாலும் வண்டியை ஓரம் கட்டுங்கள். முற்றிய பேரிங் இறுகிப்போகலாம். சக்கரமே கழன்றுவிடவும் வாய்ப்பு உண்டு. பாம்பன் பாலத்தின் மேல் அது நடந்தால் ஒதுங்க இடம் ஏது?

தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்சுக்கு 108. உங்கள் காப்பீட்டில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

சில கார்களில் பேரிங்கும் ஹப்பும் ஒரே பாகமாக இருக்கும். போல்ட்டைக் கழற்றி மாற்றிவிடலாம். பல சிறிய கார்களின் முன்பக்கத்தில் பேரிங்கை நக்கிளுக்குள் அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். வீட்டு வாசலில் சுத்தியலால் அடித்து இறக்கும் வேலை அல்ல இது. அடி ஒவ்வொன்றும் புது பேரிங்கின் வளையத்தில் தழும்பாகும். ஒரு மாதத்தில் அதே சத்தம் திரும்ப வரும்.

மெக்கானிக்கிடம் இவற்றைக் கேளுங்கள்:

• பிரஸ் இருக்கிறதா? புது பேரிங்கை நக்கிளில் ஏற்றும்போது வெளிவளையத்தை அழுத்த வேண்டும். ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.
• ஏபிஎஸ் உள்ள காரில் காந்த வளையம் இருக்கும் பக்கம் சென்சாரை நோக்கி இருக்கிறதா?
• கழற்றிய கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறார்களா? பிரேக் ஹோஸில் தொங்கினால் ஹோஸ் கெடும்.
• ஆக்சில் நட் புதுசா? கார் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குகிறார்களா? கண் மதிப்பு வேண்டாம்.
• வேலை முடிந்ததும் வீல் அலைன்மெண்ட் பார்ப்பார்களா?

ஒரு பக்கம் போனால் அந்தப் பக்கம் மட்டும் மாற்றினால் போதும். நாலையும் மாத்தணும் என்றால், ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பில் இல்லாமல் வராதீர்கள்

புது பேரிங்கின் பெட்டி, அதில் உள்ள எண், கழற்றிய பழைய பேரிங், ஓடிய கிலோமீட்டர் - நான்கையும் போனில் படம் எடுத்து வையுங்கள். போலி பேரிங்குகள் சந்தையில் உண்டு. வழக்கத்தைவிட மிக மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். பாகத்துக்கும் கூலிக்கும் தனித்தனியாகப் பில் வாங்குங்கள். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை.

வேலை சரியில்லை என்றால் முதலில் கடையில் பேசிப் பாருங்கள். தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்: 5 லட்சம் ரூபாய் வரை புகார் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும்.

அடுத்த முறை குடும்பத்தோடு கிளம்பும் முன் ஐந்து நிமிடம் பாட்டை நிறுத்திவிட்டு, கார் என்ன சொல்லுதுன்னு கேளுங்கள்.