கூடி வாழும் ஜெர்பில்



எலி என்றதும் நம் நினைவிற்கு வருவது, செம்பனைப் பழங்களைக் கடித்துப் பாழாக்கும் தோட்டத்து எலிதான். அதனை வேட்டையாடுவதற்காகவே பெட்டி அமைத்துக் கூகைகளைக் குடிவைக்கும் தோட்டங்களும் நம் நாட்டில் உண்டு. ஆயினும், எலிக்கு உறவான ஒரு சிறு பிராணியை அன்புடன் வீட்டில் வளர்ப்பவரும் உளர். அதன் பெயர் ஜெர்பில். தமிழ்நாட்டு வயல்களில் வளை தோண்டி வாழும் வெள்ளெலியும் அவ்வினத்தைச் சேர்ந்ததே.

வீட்டில் வளர்க்கப்படும் ஜெர்பிலின் தாயகம் மங்கோலியாவும் வடசீனாவும் ஆகும். 1935ஆம் ஆண்டில் அமூர் ஆற்றுப் பகுதியில் பிடிக்கப்பட்ட 20 இணைகள் ஜப்பானுக்குக் கொண்டு செல்லப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களுள் சில 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவை அடைந்தன. பின்னரே இது செல்லப்பிராணியாகப் பல நாடுகளுக்கும் பரவியது.

ஜெர்பில் தனித்து வாழும் பிராணியன்று. தாய், தந்தை, பிள்ளைகள் எனக் குடும்பமாக ஒரே வளையில் வாழும். குளிர்காலத்திற்கான உணவைக் கூடிச் சேமிக்கும். ஆபத்தை உணர்ந்தால் பின்னங்கால்களால் நிலத்தைத் தட்டி மற்றவற்றை எச்சரிக்கும். அதன் வயிற்றின் நடுவே ஒரு மணச்சுரப்பி உண்டு. தன் குடும்பத்தாரையும் அயலாரையும் அது மணத்தாலேயே பிரித்தறிகிறது.

இதனை அறியாமையால் நேர்ந்த ஒரு துயரத்தைக் கூறுகிறேன். சிங்கப்பூரில் வாழும் என் தமக்கையாரின் மகன் இரண்டு ஜெர்பில்களை வளர்த்து வந்தான். அவை ஒரே ஈற்றில் பிறந்த சகோதரர்கள். அவற்றுள் ஒன்று நோயுற்று இறந்தது. மற்றொன்று உணவில் நாட்டமின்றி ஒரு மூலையில் ஒடுங்கியது. மனம் பொறாத சிறுவன், புதிதாக ஒன்றை வாங்கி வந்து அன்று மாலையே அதன் தொட்டியில் விட்டான். விடிந்தபோது, வந்த விருந்தாளி கடிபட்டு இறந்து கிடந்தது. "துணை கிடைத்தால் மகிழும் என்றுதானே விட்டேன், மாமா!" என்று அவன் தேம்பினான். அவனிடம் அன்புக்குக் குறைவில்லை. அறிவுதான் துணைக்கு வரவில்லை. நாம் துணை என்று எண்ணியதை, அந்த ஜெர்பில் தன் வளைக்குள் நுழைந்த பகையாகக் கண்டது.

ஆகவே, ஜெர்பில் வளர்க்க விரும்புவோர் ஒரே ஈற்றில் பிறந்த இரு சகோதரர்களையோ இரு சகோதரிகளையோ வாங்குதல் நன்று. ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஏறத்தாழ 25 நாள்களில் குட்டிகள் பிறக்கும். அவற்றையெல்லாம் பேண இடமும் பொருளும் வேண்டும். துணையிழந்த ஒன்றுக்குப் புதுத்துணை தேட நேர்ந்தால், தொட்டியின் நடுவே கம்பிவலையிட்டு இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். நாள்தோறும் அவற்றை இடம் மாற்றிவர, ஒன்றன் மணம் மற்றொன்றுக்குப் பழகும். ஓரிரு வாரங்களுக்குப் பின், இரண்டும் வலையருகே அமைதியாக உறங்கக் கண்டபின்னரே, நம் கண்காணிப்பில் ஒன்றுசேர்க்கலாம். அப்போதும் சண்டை மூண்டால் உடனே பிரித்துவிட வேண்டும்.

மேலும் சில குறிப்புகள்:

1. தொட்டியில் வளை தோண்டும் அளவிற்கு ஆழமாக மரச்சீவல் இடுக.
2. பற்கள் ஓயாது வளர்வதால், கடிப்பதற்கு மரத்துண்டு வைக்க.
3. ஈரக்காற்று அதற்கு ஆகாது. உலர்ந்த, காற்றோட்டமான இடத்தில் வைத்து, புரள்வதற்கு மணல் கொடுக்க.
4. வாலைப் பிடித்துத் தூக்காதீர். வாலின் தோல் கழன்றுவிடும்.

ஜெர்பில் மூன்று நான்கு ஆண்டுகளே வாழும். அச்சிறு வாழ்விலும் அது நாடுவது தன் உறவின் அணைப்பையே. கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்பது நம் பழமொழி. ஓர் உயிரை வீட்டிற்குக் கொண்டுவரும் முன், அது எவ்வாறு கூடி வாழும் என்பதை அறிந்துகொள்வோமாக!

சிந்தித்து விடை காண்க:

அ. ஜெர்பில் தன் குடும்பத்தாரை எவ்வாறு அறிகிறது?
ஆ. அச்சிறுவன் செய்த பிழை யாது? நீங்கள் அவனாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?