விவிலியத்தில் வழுவுண்டோ என்னும் வினா

இளம் ஆசிரியர் சிலர் சென்ற மாதம் எம்மிடம் ஒரு கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்தனர். விவிலியத்தில் உள்ள முரண்கள் என அறுபதை வரிசைப்படுத்தி எழுதி, அதனை அச்சிட்டு நம் பாடசாலை மாணாக்கரிடையே வழங்கலாமோ என்று வினவினர். வீடுதோறும் வந்து, தம் வேதம் ஓரெழுத்தும் பிழையாதது, சைவநூல்களோ கட்டுக்கதை எனப் போதிப்பார்க்கு விடையாக அதனைத் தொகுத்ததாகவுங் கூறினர். அவர்தம் ஊக்கத்தை மெச்சினோம். பிரதியை ஒருவாரம் வைத்திருந்து, ஒவ்வோரிடத்தையும் நூலோடு ஒப்புநோக்கினோம். அறுபதிற் பாதிக்கு மேற்பட்டவை நில்லா. எஞ்சியவை நிற்கும், அவற்றுட் சில எவராலும் அசைக்கமுடியாதபடி நிற்கும். இவற்றைப் பகுத்தறிதலும், நிற்பவற்றால் நமக்குப் பெறப்படுவது யாதென ஆராய்தலும் ஆசிரியன்மார்க்கு இன்றியமையாதன என்று கருதி இதனை எழுதலானோம்.

நில்லாதவற்றுக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நீதிமொழிகள் 26ஆம் அதிகாரம் 4ஆம் வசனம் மூடனுக்கு அவன் மூடத்தனத்தின்படி மறுமொழி கூறற்க என்னும். 5ஆம் வசனம் கூறுக என்னும். இதனைப் பிரதியின் முதலிடத்திலேயே வைத்திருந்தனர். அடுத்தடுத்து நின்ற இரு வசனங்களை எழுதினவன் தன் முரணைத் தான் அறியாதிருந்தான் என்பது பொருந்துமோ? இடமறிந்து பேசவும் இடமறிந்து அடங்கவும் வேண்டும் என்பதே கருத்தென்பது வெளிப்படை. இன்னொரு நூலார் இத்தகைய குற்றத்தை நம் நீதிநூல்கள்மேற் சுமத்தின் நாம் நகைப்போம் அன்றோ? எரிகோவிற் குருடர் ஒருவரோ இருவரோ என்பது முதலியனவும் இவ்வினத்தனவே. அவற்றைக் கூறி வாதிடுவோன் எதிரியைத் தாக்குவதினும் தன்னையே எளியனாக்குவான்.

இனி, நிற்பவற்றைக் காண்போம். யூதேயா அரசன் யோராம் 32 வயதில் அரசேறி 8 ஆண்டு ஆண்டு இறந்தான் என்று இரண்டாம் நாளாகமம் 21ஆம் அதிகாரம் கூறும். ஆகவே இறந்தபோது வயது 40. அவன்பின் அரசேறியவன் அவனுடைய கடைக்குட்டி மகன் அகசியா. மூத்தோரெல்லாம் பகைவராற் கொலையுண்டனர். அவ்வகசியா அரசேறியபோது அவனுக்கு 42 வயது என்று அதே நூலின் 22ஆம் அதிகாரம் எபிரேய மூலத்திற் கூறும். தந்தையினும் மகன் ஈராண்டு மூத்தவன், அவனும் கடைக்குட்டி! இரண்டாம் இராஜாக்கள் 8ஆம் அதிகாரமோ அவனுக்கு 22 வயது என்னும். பின்னது சரியென்பதும், முன்னது ஏடெழுதுவோர் வழு என்பதும் தெளிவு.

யாம் மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்து, விவிலியபாட வேளையில் இவ்வகசியாவின் வயதைக் குறித்து எழுந்து வினவினோம். "இரும்" என்பதே உபாத்தியாயர் தந்த விடை. பாடஞ்சொல்லும் திறத்தில் அவர் வல்லவர். எம்மிடத்து அன்பும் உடையவர். ஆயினும் அவ்வொருசொல்லை இன்றுவரை மறந்திலோம்.

எண்கணிதம் கற்பிக்கும் ஆசிரியர் எண்ணாகமம் 3ஆம் அதிகாரத்தைப் படித்தல் நன்று. லேவி கோத்திரத்து ஆண்மக்களை எண்ணியபோது கெர்சோன் வமிசத்தார் 7,500 பேர், கோகாத் வமிசத்தார் 8,600 பேர், மெராரி வமிசத்தார் 6,200 பேர். கூட்டின் 22,300 வரும். நூலோ மொத்தம் 22,000 என்னும். முழுத்தொகையாகச் சொன்னதென்று சமாதானம் கூறுவாருளர். அது செல்லாது. ஏனெனில், ஏனைக் கோத்திரத்து முதற்பேறான ஆண்பிள்ளைகள் 22,273 பேர் என்றும், அவர் லேவியரினும் 273 பேர் மிகுதி என்றும், அம்மிகுதியானோர்க்குத் தலைக்கு 5 சேக்கலாக 1,365 சேக்கல் மீட்புப்பணம் பெறப்பட்டதென்றும் அதே அதிகாரம் கணக்கெழுதுகின்றது. லேவியர் 22,300 எனின் மிகுதியும் இல்லை, மீட்புப்பணமும் இல்லை. ஆகவே மொத்தம் சரி. உறுப்பில் ஒன்று வழு. எபிரேய மொழியில் மூன்று என்னுஞ் சொல்லினின்று நடுவெழுத்தொன்று வீழ்ந்தால் ஆறு என்னுஞ் சொல்லாகும். 8,300 என்பதே 8,600 ஆயிற்று என்பர் அறிஞர். கிரேக்க மொழிபெயர்ப்பின் பிரதிகள் சிலவற்றில் 8,300 என்றே இருத்தலும் காண்க. ஓரெழுத்து வீழ்ச்சி முந்நூறுபேரைப் பிறப்பித்தது!

எஸ்றா 2ஆம் அதிகாரமும் நெகேமியா 7ஆம் அதிகாரமும் பாபிலோனினின்று மீண்டோர் பட்டியலைத் தருவன. இரண்டும் மொத்தம் 42,360 என ஒருமுகமாகக் கூறும். உறுப்புக்களைக் கூட்டின் முன்னது 29,818 ஆகும். பின்னது 31,089 ஆகும்.

இவையெல்லாம் ஏடெழுதுவோர் கைவழு. பனையோலையிற் பழகிய நமக்கு இது புதிதன்று. எழுத்து வழுவாற் சமயம் வீழாது. ஓரெழுத்தும் வழுவாது என்னுங் கொள்கையே வீழும். இவ்வேற்றுமையை இளம் ஆசிரியர் நன்கு மனத்திற் பதித்தல் வேண்டும்.

ஆயினும் கைவழு என்று கழிக்கலாகாதனவும் உள. தாவீது தன் குடிகளை எண்ணுமாறு ஏவியவர் கர்த்தர் என்று இரண்டாம் சாமுவேல் 24ஆம் அதிகாரம் கூறும். ஏவியவன் சாத்தான் என்று முதலாம் நாளாகமம் 21ஆம் அதிகாரம் கூறும். பின்னெழுதியவர்க்கு, தீதுக்கு ஏவுதலைக் கடவுள்மேல் ஏற்றுதல் பொறுக்கவில்லை போலும். மறைத்தலும் இறைவன் தொழிலே, அதுவும் அருளே எனக்கொள்ளும் சித்தாந்திகளுக்கு இவ்விரண்டினிடையே ஒரு பெருஞ் சமயவாராய்ச்சி நிகழ்ந்திருத்தல் விளங்கும். யூதாசு நான்றுகொண்டு இறந்தான் என்று மத்தேயு கூற, தலைகீழாக வீழ்ந்து வயிறு வெடித்து இறந்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் கூறும். நிலத்தை வாங்கியவர் ஆசாரியர் என்று முன்னதும், யூதாசே என்று பின்னதும் கூறும். இயேசு இறந்த நாளிலும் வேற்றுமை உண்டு: மாற்கு முதலிய மூவரும் பஸ்கா விருந்துக்கு மறுநாள் என்பர், யோவான் அவ்விருந்துக்கு முன்னாள் என்பர். பஸ்கா ஆடுகள் வெட்டப்படும் வேளையிலேயே அவர் இறந்தார் எனக் காட்டுதல் யோவான் கருத்தென்று கிறிஸ்தவ அறிஞர் பலர் எழுதியிருக்கின்றனர். கருத்துப்பற்றி நாள் மாறுமாயின், அது வரலாறு எழுதுவோன் செயலன்று. சமயம் உரைப்போன் செயலாம்.

இவற்றையெல்லாம் யாமே கண்டுபிடித்தாற்போல நம்மவர் எழுதுகின்றனர். அது பேதைமை. கி.பி. 3ஆம் நூற்றாண்டிலேயே ஒரிகன் என்னும் திருச்சபையாசிரியர், சுவிசேடங்களைச் சொற்பொருளளவில் நோக்கின் அவை தம்முள் ஒவ்வா என்பதை ஒப்புக்கொண்டு உட்பொருள் தேடினார். 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகுஸ்தீன் வேறுவழி சென்றார். முரண் போலத் தோன்றுமிடத்து ஒன்றேல் ஏடு பிழை, ஒன்றேல் மொழிபெயர்ப்புப் பிழை, அன்றேல் எம் அறிவின் பிழை என்று கொள்வதாக அவர் ஜெரோமுக்கு எழுதினார். நூலாசிரியர் பிழைத்திலர் என்பதை முன்னரே முடிபாகக் கொண்டு ஆராயும் முறை அது. அமெரிக்காவில் 1881இல் ஹாட்ஜ், வார்ஃபீல்ட் என்போரும், 1978இல் சிக்காகோவிற் கூடியோர் வெளியிட்ட அறிக்கையும் இம்முறையையே வற்புறுத்தி, வழுவின்மை ஆசிரியர் கையால் எழுதிய முதலேட்டுக்கே உரியது என்றனர். அம்முதலேடு ஒன்றேனும் இன்று உலகில் இல்லை. 1965இல் வத்திக்கான் சங்கமோ, மீட்பின்பொருட்டுக் கடவுள் எழுதுவிக்க விரும்பிய உண்மையை நூல் வழுவின்றிக் கற்பிக்கின்றது என்றளவில் நிறுத்திற்று. ஆதலின் கிறிஸ்தவரனைவரும் ஒருகொள்கையர் என எண்ணி வாதிடுதல் கூடாது. வாயிலில் நிற்பவர் எக்கொள்கையர் என்பதை முதற்கண் கேட்டறிதல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் பரபக்கத்தில் ஒவ்வொரு மதத்தாரையும் அவர் வாயாலேயே முதலிற் பேசவிட்டுப் பின்னரே மறுத்தமை நமக்கு இலக்கணமாம்.

இவ்வினா ஒருவர் வாழ்வை எங்ஙனம் புரட்டியது என்பதற்கு ஆசிரியன்மார் அறியத்தக்க ஒரு வரலாறு உண்டு. ஜோன் வில்லியம் கொலென்சோ என்பவர் இங்கிலாந்தில் ஹாரோப் பாடசாலையில் கணிதம் கற்பித்தவர். அவர் எழுதிய எண்கணித நூலும் அட்சரகணித நூலும் ஆங்கிலப் பாடசாலைகளிற் பெருவழக்குப் பெற்றன. 1853இல் தென்னாபிரிக்காவில் நேட்டால் நாட்டுக்கு அத்தியட்சராகி, சூலு மொழி கற்று, விவிலியத்தை அம்மொழியிற் பெயர்க்கலானார். அவர்க்கு உதவிபுரிந்தவர் வில்லியம் இங்கிடி என்னும் சூலுவர். பிரளயக்கதையை மொழிபெயர்க்குங்கால் இங்கிடி, இவையெல்லாம் மெய்யாகவே நிகழ்ந்தனவோ, இத்துணை விலங்குகளும் ஒரு பேழையுட் புகுந்தனவோ என்று வினவினார். அத்தியட்சர் பொய்யுரைக்க அஞ்சினார். "இரும்" என்று அவர் சொல்லவில்லை என்பதே எமக்கு வியப்பு.

அவர் தம் கணிதத்தையே விவிலியத்தின்மேல் வைத்தார். எகிப்தினின்று புறப்பட்டோருள் இருபது வயதுக்கு மேற்பட்ட ஆடவர் மாத்திரம் 603,550 பேர். சிறுவரையுங் கூட்டின் ஆண்மக்கள் ஏறக்குறைய 9 இலட்சம். முதற்பேறானவரோ 22,273 பேர். வகுத்துப் பார்க்க, தாயொருத்திக்கு ஆண்மக்களே நாற்பதின்மேல் ஆகின்றனர்! 1862இல் இக்கணக்குக்கள் நூலாய் வெளிவரத் தொடங்கின. 1863இல் கேப்டவுன் மேலத்தியட்சர் கிரே அவரைப் புரட்டன் எனத் தீர்த்துப் பதவி நீக்கினார். 1865இல் இலண்டன் பிரிவிக் கவுன்சில், கிரேக்கு அவ்வதிகாரம் இல்லை எனத் தீர்ப்பளித்தது. கொலென்சோ தம் கோயிலை விட்டுப்போகவும் இல்லை, தம் கிறிஸ்துவை விட்டுப்போகவும் இல்லை. பிற்காலத்தில் சூலு அரசன் செட்சுவாயோவுக்கு ஆங்கிலேயர் இழைத்த அநீதியை எதிர்த்து வாதாடி, 1883இல் இறந்தார். கணக்குப் பிழைத்த நூலைக் கையில் வைத்திருந்தவர், நீதி பிழைக்கவில்லை.

நேட்டாலுக்குச் சில ஆண்டு முன்னர் யாழ்ப்பாணத்திலும் இத்தகைய மொழிபெயர்ப்பு நடந்தமையை நாம் அறிவோம். பேர்சிவல் பாதிரியார்க்கு உதவிபுரிந்தவர் நம் ஆறுமுக நாவலர். அம்மொழிபெயர்ப்பு 1850இல் அச்சாயிற்று. விவிலியத்தை வரிவரியாகக் கற்ற நாவலர் 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதியபோது, முரண்பட்டியல் போடுதலைத் தம் பெருவழியாகக் கொண்டிலர். கோயில், பூசை, நிவேதனம், தீர்த்தம் என நீவிர் எம்மிடத்து இகழ்பவை நும் பழைய ஏற்பாட்டிலும் உள; ஒன்றனை இகழின் மற்றையதையும் இகழ்க என்று, இருவர்க்கும் ஒரே அளவுகோலை நீட்டினார். நூலை இகழாமல் இகழ்ச்சியை மறுத்த திறம் அது.

அவ்வளவுகோல் இருபுறமும் அளக்கும். 1829இல் சந்திரகிரகணக் கணிப்பிற் பஞ்சாங்கம் சிறிது பிழைத்ததைக் கொண்டு, வட்டுக்கோட்டைச் செமினரியார் நம் சாத்திரமே பொய் என்று பறையறைந்தனர். அன்று அது நியாயமன்று எனின், இன்று அகசியாவின் வயதைக் கொண்டு நாம் அதனையே செய்தல் எங்ஙனம் நியாயமாம்? "ஓரெழுத்தும் பிழையாது" என்று சொல்லிக்கொண்டு வருவார்க்கு எண்ணாகமத்தைத் திறந்துகாட்டுக. அதற்கு உரிமை உண்டு. அங்ஙனம் சொல்லாத கிறிஸ்தவரிடம் அதனைக் கொண்டுபோய் நீட்டுதல் வீண்பகை. நம் பாடசாலைகள் பலவற்றில் அவர் பிள்ளைகளும் நம் பிள்ளைகளோடு ஒரே வாங்கில் இருக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

பிரதியை அச்சிடவேண்டா என்று கூறித் திருப்பிக்கொடுத்தோம். இளம் ஆசிரியர்க்கு அது உவப்பில்லை. மாற்றாக, கொலென்சோ வரலாற்றையும் லேவியர் கணக்கையும் மேல்வகுப்பொன்றில் யாமே பாடமாக நடத்திக் காட்டினோம். மாணாக்கர் மகிழ்ந்து கூட்டினர், வகுத்தனர், சிரித்தனர். பாடமுடிவில் பின்வாங்கிலிருந்து ஒரு மாணாக்கன் எழுந்து, "ஐயா, சூரபன்மன் 1008 அண்டங்களை 108 யுகம் ஆண்டான் என்று கோயிலிற் புராணம் படிக்கக் கேட்டேன். அந்தக் கணக்கையும் செய்து பார்க்கலாமோ?" என்றான்.

"இரும்" என்னுஞ் சொல் எம் நாவின் நுனிவரை வந்தது. அதனை விழுங்கினோம். நமக்கு உரையளவையாவன வேதாகமங்கள். புராணம் அவற்றின் பொருளைக் கதைவாயிலாக விளக்குவது. ஆகையால் அதன் தொகைகளை வாய்பாடுபோலக் காத்தல் நம் கடனன்று என்று விடை கூறினோம். இவ்விடையை ஏற்காத சைவப்பெரியார் உளர் என்றும், அவர் இவ்விதழிலேயே எம்மை மறுக்கக்கூடும் என்றும் மறையாது சொன்னோம். வேதாகமங்களுக்கும் பாடபேதம் உண்டோ என்று மீண்டும் வினவினான். உண்டு, புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வுநிறுவனத்தார் ஆகமங்களைப் பல ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதத்தோடு பதிப்பித்திருக்கின்றனர் என்றோம்.

அவன் இருந்துகொண்டான். விடை அவனுக்கு நிறைவளித்ததோ என்பதை முகத்தால் அறியக்கூடவில்லை. மறுவாரம் அண்டக்கணக்கை இரண்டு தாளில் எழுதி எம் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அதில் ஒரு கூட்டற்பிழை இருந்தது. அதனைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்தோம்.