திண்ணையும் தொலைபேசியும்

விடுமுறையில் நீங்கள் செல்லும் தாத்தா பாட்டியின் ஊரில் திண்ணை வைத்த பழைய வீடுகளைக் கண்டிருப்பீர்கள். வழிப்போக்கர் எவரும் திண்ணையில் அமரலாம். வாயிலைக் கடந்து உள்ளே செல்ல வேண்டுமானால் வீட்டார் அழைக்க வேண்டும். வாக்குக் கேட்டு வருவோருக்கும் இம்மரபு பொருந்தும்.

தேர்தலில் கட்சிகள் கடைப்பிடிக்க வேண்டிய நடத்தை நெறிகள், நாம் வாழும் கேரளத்தில்தான் முதன்முதலில் வகுக்கப்பட்டன. 1960ஆம் ஆண்டு சட்டமன்றத் தேர்தலின்போது அவை உருவாயின. பின்னர் இந்தியத் தேர்தல் ஆணையம் அவற்றை விரிவாக்கி நாடு முழுவதற்கும் உரியவை ஆக்கியது. ஒருவருடைய அரசியல் கருத்து நமக்கு ஏற்புடையதன்று எனினும், அவர் தம் வீட்டில் அமைதியாக வாழும் உரிமையை மதிக்க வேண்டும் என்று இன்றைய நெறிகள் கூறுகின்றன. உரிமையாளரின் இசைவின்றி அவர் வீட்டு மதிலில் சுவரொட்டி ஒட்டுவதும் முழக்கம் எழுதுவதும் கூடா.

மதிலைத் தொடாமலே வீட்டினுள் நுழையும் வழியைத் தொலைபேசி திறந்துவிட்டது. 2004ஆம் ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலில், அப்போதைய பிரதமர் வாஜ்பாயின் பதிவு செய்யப்பட்ட குரல் மக்களின் தொலைபேசிகளில் ஒலித்தது. பின்னர்ப் பல கட்சிகளும் இம்முறையைக் கையாண்டன. நேரில் வருபவர் வீட்டாரின் முகக்குறிப்பை அறிந்து திரும்பிச் செல்வார். பதிவுக் குரலோ, உறங்கும் குழந்தையையும் நோயுற்ற முதியவரையும் அறியாது.

தனியுரிமை அடிப்படை உரிமையே என்று, 2017 ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். வாக்குக் கேட்பது வேட்பாளரின் உரிமை. வீட்டில் அமைதி நாடுவது குடியிருப்போரின் உரிமை. இரண்டும் இருந்தால்தான் மக்களாட்சி சிறக்கும்.

மாணவர்களே! தொலைபேசி எண்ணும் வீட்டு வாயில் போன்றதே. எவரேனும் உங்கள் வீட்டு எண்ணைக் கேட்டால், பெற்றோரின் ஒப்புதல் பெற்ற பின்னரே கூறுங்கள். நண்பரின் எண்ணையும் அவரைக் கேளாமல் பிறருக்கு அளிக்காதீர்கள்.

சொற்பொருள்
இசைவு – ஒப்புதல்
முழக்கம் – கோஷம்
ஒருமனதாக – எல்லாரும் ஒரே கருத்துடன்

வினாக்கள்
1. தேர்தல் நடத்தை நெறிகள் எங்கு, எப்போது தோன்றின?
2. நேரில் வருபவருக்கும் பதிவுக் குரலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
3. ‘தொலைபேசி எண்ணும் வீட்டு வாயில் போன்றதே’ – ஐந்து வரிகளில் விளக்குக.