“அம்மா, ஒரு பிரச்சினை” – பிள்ளை இதைச் சொல்லும் நிமிடம்

ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி இரண்டாவது வாரத்தில் வரும் செவ்வாய்க்கிழமை, உலகம் முழுவதும் ‘பாதுகாப்பான இணைய நாள்’ கடைப்பிடிக்கப்படுகிறது. நம் வீடுகளில் பொதுத்தேர்வு ஜுரம் உச்சத்தில் இருக்கும் நேரம் அது. அதனால் அந்த நாள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. பள்ளியில் ஒரு உறுதிமொழி, ஒரு போஸ்டர் போட்டி, அவ்வளவுதான்.

ஆனால் அந்த நாளுக்குப் பின்னால் இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. அதிலிருந்து கோபாலபுரத்தில் குடியிருக்கும் ஒரு அப்பா அம்மாவுக்கும், அவர்களுடைய பதினைந்து வயதுப் பிள்ளைக்கும் பயன்படக்கூடிய பாடம் என்ன? இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இந்த நாள் எப்படி வந்தது?

2004-ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்தின் ‘சேஃப்பார்டர்ஸ்’ என்ற திட்டத்தின் கீழ் இந்த நாள் தொடங்கியது. அடுத்த ஆண்டே ‘இன்சேஃப்’ என்ற ஐரோப்பியக் கூட்டமைப்பு இதைக் கையில் எடுத்துக்கொண்டது. இரண்டாவது மாதம், இரண்டாவது வாரம், இரண்டாவது நாள் என்று நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக அமைத்தார்கள். இன்று 160-க்கும் மேற்பட்ட நாடுகளில் இது கடைப்பிடிக்கப்படுகிறது.

நம் நாட்டிலும் 2025 பிப்ரவரி 11 அன்று மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் மாநில, மாவட்ட அளவில் பயிலரங்குகளை நடத்தியது. இது தவிர, 2021 அக்டோபரில் இருந்து மாதந்தோறும் முதல் புதன்கிழமை ‘சைபர் விழிப்புணர்வு நாள்’ நடத்தும்படி மத்திய உள்துறை அமைச்சகம் கேட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த நாட்களில் பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாகச் சொல்வது என்ன? “தெரியாதவங்க ரிக்வெஸ்ட்டை ஏத்துக்காதே. பாஸ்வேர்டைச் சொல்லாதே. போட்டோ அனுப்பாதே.” எல்லாமே நல்ல அறிவுரைகள்தான். ஆனால் அதில் ஒரு வரி விட்டுப்போகிறது. ஒருவேளை ஏற்கனவே அனுப்பிவிட்டால்? அதற்கப்புறம் அந்தப் பிள்ளை யாரிடம் போவது?

விட்டுப்போன அந்த வரிதான் இன்றைய பாடம்.

மிரட்டல் எப்படி நடக்கிறது?

முதலில் ஒரு நட்பு அழைப்பு வரும். புரொஃபைலில் அதே வயதுப் பையனோ பெண்ணோ இருப்பார்கள். பள்ளி நண்பர்கள் இரண்டு மூன்று பேர் ஏற்கனவே அந்தக் கணக்கோடு தொடர்பில் இருப்பார்கள், அதனால் சந்தேகம் வராது. சில நாட்கள் பேச்சு நன்றாகப் போகும். பிறகு, “இங்க வேண்டாம், வேற ஆப்ல பேசலாம்” என்று அழைப்பு வரும். அங்கே ஒரு வீடியோ காலோ, ஒரு படமோ கேட்கப்படும்.

படம் போன சில நிமிடங்களில் குரல் மாறிவிடும். பிள்ளையின் நண்பர்கள் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பி, “இவ்வளவு பேருக்கும் அனுப்பிடுவேன். பணம் போடு” என்பார்கள். பணம் இல்லை என்றால் இன்னொரு படம் கேட்பார்கள்.

இங்கே இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதில்லை. பையன்களையும் குறிவைக்கிறார்கள், அவர்கள் வெளியே சொல்லத் தயங்குவார்கள் என்று தெரிந்தே. இரண்டாவது, எந்தப் படமும் அனுப்பாத பிள்ளைகூட மாட்டலாம். சாதாரணப் புரொஃபைல் படத்தை வைத்தே செயற்கை நுண்ணறிவு மூலம் ஆபாசப் படம் தயாரிக்க இன்று முடிகிறது.

இந்த இரண்டிலும் மிரட்டுகிறவன் நம்பியிருப்பது படத்தை அல்ல. “வீட்டுல தெரிஞ்சா என்ன ஆகும்” என்கிற பயத்தைத்தான். பிள்ளை வாயை மூடிக்கொண்டிருக்கும்வரை அவன் தொழில் ஓடும்.

பொள்ளாச்சி சொல்லும் பாடம்

நம் மாநிலத்தில் இதற்கு மறக்க முடியாத சாட்சி பொள்ளாச்சி வழக்கு. இளம் பெண்களோடு பழகி, பாலியல் வன்முறை செய்து, அதைப் படம்பிடித்து மிரட்டிய கும்பல் அது. மிரட்டலுக்குப் பயந்து பலர் பேசாமல் இருந்தார்கள். 2019 பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி தன் குடும்பத்தாரிடம் நடந்ததைச் சொன்னார். குடும்பம் அவர் பக்கம் நின்றது, காவல்துறைக்குப் போனது. அந்த ஒரு புகாரில் இருந்துதான் எல்லாம் வெளியே வந்தது. வழக்கு பிறகு சிபிஐ கைக்கு மாறியது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது.

அதே வழக்கில் இன்னொரு பாடமும் உண்டு. புகார் கொடுத்த பெண்ணின் பெயர் தொடக்கத்தில் அரசாணையிலேயே வெளியானது. அதற்காக அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. அடையாளத்தைக் காப்பது அதிகாரிகள் காட்டும் சலுகை கிடையாது, அது சட்டக் கடமை. புகார் கொடுக்கத் தயங்கும் ஒவ்வொரு குடும்பமும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடம்: என்ன பேசுவது?

ஒரு நாள் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் பிள்ளை வந்து, “அம்மா, ஒரு பிரச்சினை” என்று இழுக்கலாம். அதற்குப் பிறகு வரும் ஐந்து நிமிடம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

“ஏன்டா அனுப்புன?”, “அப்பவே சொன்னேனே”, “போனைக் குடு, இனிமே கிடையாது”. வாயில் முதலில் வருவது இதுதான். இயல்புதான். ஆனால் பிள்ளையின் காதில் இது எப்படி விழும் தெரியுமா? மிரட்டியவன் சொன்னது சரிதான், வீட்டில் தெரிந்தால் இப்படித்தான் ஆகும் என்று. அந்தப் பேச்சு அங்கேயே நின்றுவிடும். மீதி விஷயம் வெளியே வராது.

அதற்குப் பதிலாக இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “நீ வந்து சொன்னது நல்லதுப்பா. தப்பு செஞ்சது மிரட்டுறவன். இனிமே இதை நாம சேர்ந்து பார்த்துக்கலாம்.”

பிள்ளை செய்ததைப் பற்றிப் பேசவே கூடாது என்று அர்த்தமில்லை. அதற்கு அடுத்த வாரம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி பிள்ளையின் உயிரும் தைரியமும்தான் முக்கியம். பிள்ளை ரொம்பவும் உடைந்துபோயிருந்தால் தனியாக விடாதீர்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்து செய்ய வேண்டியவை

1. பணம் கொடுக்காதீர்கள், பேரம் பேசாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்த முறையும் கேட்பார்கள். ஏற்கனவே பணம் போயிருந்தால் உடனே 1930 எண்ணை அழையுங்கள். பணப் பரிவர்த்தனை எண், தேதி, தொகை ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் முடக்கி வைக்கும் வாய்ப்பு அதிகம்.

2. சாட்சியத்தை அழிக்காதீர்கள். பதற்றத்தில் சாட் முழுவதையும் டெலீட் செய்வது பலரும் செய்யும் தவறு. மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், போன் எண், பணம் கேட்ட யுபிஐ முகவரி ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதன் பிறகு பிளாக் செய்யுங்கள். ஆனால் பிள்ளையின் அந்தரங்கப் படத்தை மட்டும் சாட்சி என்று நினைத்து உறவினருக்கோ, குரூப்பிலோ ஃபார்வர்டு செய்யவே கூடாது.

3. படம் பரவாமல் தடுக்கும் சேவையைப் பயன்படுத்துங்கள். பன்னாட்டு முயற்சிகளால் நமக்குக் கிடைத்த உருப்படியான கருவி இது. 18 வயதுக்குக் கீழ் எடுத்த படம் என்றால் ‘டேக் இட் டவுன்’ என்ற சேவை உண்டு. அமெரிக்காவில் உள்ள, காணாமல்போன மற்றும் சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் 2023-இல் தொடங்கியது. பெரியவர்களின் படத்துக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்ற சேவை, பிரிட்டனில் 2021-இல் தொடங்கியது. இரண்டும் இலவசம். இங்கிருந்தே பயன்படுத்தலாம்.

“அதுக்கு அந்தப் படத்தையே அவங்களுக்கு அனுப்பணுமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. பத்திரப் பதிவு அலுவலகத்தில் கைரேகை வைக்கிறோம் அல்லவா, அதுபோல அந்தப் படத்தின் ‘ரேகை’ மட்டும் ஒரு நீண்ட எண்ணாக உங்கள் போனிலேயே உருவாகும். அந்த எண் மட்டுமே பட்டியலில் சேரும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போல இதில் சேர்ந்துள்ள நிறுவனங்கள், அந்த ரேகையோடு பொருந்தும் படத்தைக் கண்டால் தடுக்கும் அல்லது நீக்கும். திட்டத்தில் சேராத தளங்களிலும், மறையாக்கம் செய்யப்பட்ட தனிப்பட்ட சாட்டிலும் இது வேலை செய்யாது. அதனால் இது புகாருக்கு மாற்று இல்லை, புகாரோடு சேர்த்துச் செய்வது.

4. புகார் கொடுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளம் 2019-இல் இருந்து செயல்படுகிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களை அதில் பெயர் சொல்லாமலேகூடப் பதிவு செய்யலாம். குழந்தைகள் உதவி எண் 1098, பெண்கள் உதவி எண் 181, பள்ளி மாணவர்களுக்கு 14417. நேரில் போவதென்றால் அருகில் உள்ள எந்தக் காவல் நிலையத்திலும் புகாரை வாங்க வேண்டும். “இது எங்க எல்லை இல்ல” என்று திருப்பி அனுப்பக் கூடாது என்பது 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் தெளிவாக இருக்கிறது.

காவல் நிலையத்துக்குப் போகப் பயமா?

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் ஆண் குழந்தை, பெண் குழந்தை இருவருக்கும் பொது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயோ, பிள்ளை விரும்பும் இடத்திலேயோ பதிவு செய்ய வேண்டும். அதைப் பதிவு செய்யும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. கூடுமானவரை அவர் பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். ராத்திரியில் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையைக் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. பெயர், பள்ளி, முகவரி எதையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. இவற்றை நீங்கள் கேட்டுப் பெறலாம். இது உங்கள் உரிமை.

வயது 18-ஐத் தாண்டியவர்களுக்கும் வழி இருக்கிறது. தன் அந்தரங்க வீடியோ பல தளங்களில் பரவிய ஒரு பெண் வழக்கறிஞர், சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2025 ஜூலையில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்துக்குள் அவற்றை நீக்க நடவடிக்கை எடுக்குமாறு மத்திய அமைச்சகத்துக்கு உத்தரவிட்டார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக, இப்படிப்பட்ட படங்களை நீக்குவதற்கான வழிமுறைகளை அமைச்சகம் அதே ஆண்டு நவம்பரில் வெளியிட்டது. ஒரு பெண் பேசியதால் நாடு முழுவதற்கும் ஒரு வழி பிறந்தது.

பார்ப்பவர்களுக்கும் பொறுப்பு உண்டு

இந்தப் பாடத்தில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் பிள்ளை பாதிக்கப்பட்டவராக இல்லாமல், குரூப்பில் வந்த படத்தைப் பார்த்தவராக இருந்தால்? “நான் எடுக்கலையே, வந்துச்சு, பார்த்தேன்” என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

குழந்தைகளின் ஆபாசப் படங்களைப் பற்றி அமெரிக்க மையத்துக்கு வரும் தகவல்கள், 2019-இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு வருகின்றன. அங்கிருந்து மாநிலக் காவல்துறைக்குப் போகின்றன. அப்படி வந்த தகவலின் பேரில் அம்பத்தூரில் பதிவான ஒரு வழக்குதான் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட படங்களை நீக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதே குற்றமாகலாம் என்று தீர்ப்பளித்தது. எனவே பிள்ளைகளிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: “வந்தா யாருக்கும் அனுப்பாதே. நேரா எங்கிட்ட வந்து சொல்லு.”

கோபாலபுரத்தில் நாம் என்ன செய்யலாம்?

உலக நாள் உலகத்தோடு நின்றுவிடக் கூடாது, தெருவுக்கு வர வேண்டும். அவ்வை சண்முகம் சாலையை ஒட்டிய அடுக்குமாடிகளில் குடியிருப்போர் சங்கங்கள் இருக்கின்றன. மாதக் கூட்டத்தில் தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு பற்றிப் பேசி முடித்ததும் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். 1098, 1930, 14416 என்ற மூன்று எண்களை லிஃப்ட் பக்கத்தில் தமிழில் ஒட்டுங்கள். டியூஷன் நடத்துபவர்கள், விளையாட்டு மைதானத்தில் பயிற்சி தருபவர்கள் எல்லோருக்கும் இந்த எண்கள் தெரியட்டும். பல பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் மாஸ்டரிடமோ, டீச்சரிடமோ, சித்தியிடமோதான் சொல்வார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இன்னும் எளிது. பிரச்சினை வருவதற்கு முன்பே, சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஒரு நாளில் பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுங்கள்: “ஆன்லைன்ல என்ன நடந்தாலும் நீ எங்கிட்ட வந்து சொல்லலாம். அன்னைக்கு நான் திட்ட மாட்டேன், போனையும் பிடுங்க மாட்டேன்.” சொன்னதோடு விடாமல், சின்ன விஷயங்களிலும் அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மார்க் குறைந்ததற்கு வீட்டையே ரெண்டாக்கும் அப்பாவிடம், எந்தப் பிள்ளையும் பெரிய விஷயத்தைக் கொண்டுவராது.

இதைப் படிக்கும் தம்பி, தங்கைகளுக்கு: உங்கள் போனில் இப்போது அப்படி ஒரு மிரட்டல் இருந்தால், நீங்கள் தனியாக இல்லை. படம் அனுப்பியிருந்தாலும் குற்றவாளி மிரட்டுகிறவன்தான். நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் இன்றைக்கே சொல்லுங்கள். யாரும் இல்லை என்று தோன்றினால் 1098-ஐ அழையுங்கள். கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.