பல்லைப் பிடித்துப் பார்க்கலாம்

கேள்வி: தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டுக் கழக வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். நண்பர்கள் ஐவர் சேர்ந்து கல்யாண வரவேற்புகளிலும் சமூக மன்ற விழாக்களிலும் இளையராஜா பாடல்களை வாசித்து வருகிறோம். பேஸ் கிட்டார் என் பொறுப்பு. ஹோட்டல்களில் வாசித்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், என் மாமாவுக்குப் பழக்கமானவர், தம்மிடமுள்ள ஃபெண்டர் ஜாஸ் பேஸை 7,000 வெள்ளிக்குத் தருவதாகச் சொல்கிறார். 1974-ஆம் ஆண்டுச் சரக்கு, ஒரு திருகாணிகூட மாற்றவில்லை என்கிறார். வீட்டிலோ, "பழைய கட்டைக்கா இத்தனை பணம்?" என்கிறார்கள். வாங்கலாமா?
— வாசகர், பஃபலோ ரோடு

பதில்: நீங்கள் குடியிருக்கும் தெருவின் பெயரே உங்கள் கேள்விக்குப் பாதி விடை சொல்லிவிடுகிறது. சிராங்கூன் சாலையை ஒட்டிய அந்தப் பிரதேசத்தில் ஒரு காலத்தில் மாட்டுக் கொட்டில்களும் மாட்டு வியாபாரமும் செழித்திருந்தபடியால் அல்லவா, உங்கள் தெருவுக்கு எருமையின் ஆங்கிலப் பெயரும், பக்கத்துக் கெர்பாவ் ரோட்டுக்கு அதே எருமையின் மலாய்ப் பெயரும் வாய்த்தன? மாடு பிடிக்கப் போகிற நம்மவர்கள் சுழி பார்த்து, நடை பார்த்து, வாயைத் திறந்து பல்லையும் பார்த்த பிறகுதான் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். தானம் வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது. 7,000 வெள்ளி எண்ணிக் கொடுக்கிற மாட்டை, மாமாவின் சிநேகிதருடையது என்ற தாட்சண்யத்தால் பார்க்காமல் விடுவது மரியாதையல்ல, அசட்டுத்தனம்.

முதலில் வயசை நிர்ணயிக்க வேண்டும். கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் என்பவர் 1951-இல் பிரெசிஷன் பேஸையும், 1960-இல் ஜாஸ் பேஸையும் வெளியிட்டார். 1965 ஜனவரியில் கம்பெனி ஸி.பி.எஸ். நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதற்கு முற்பட்ட வாத்தியங்களுக்கே ரசிகர்கள் பெருவிலை கொடுக்கிறார்கள். உங்களுடையது பிற்பட்டது என்பதை விலை பேசும்போது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1976 வரையில் தொடர் எண் உடலின் பின்புறம் கழுத்தைப் பிணைக்கும் தகட்டில் பொறிக்கப்பட்டிருந்தது. அதன்பின்தான் அது தலைப்பகுதிக்கு ஏறியது. ஆனால் தகடு என்பது நான்கு திருகாணியில் கழன்று வருகிற பொருள். அதை மட்டும் சாட்சியாகக் கொள்வது, கழுத்துமணியைப் பார்த்து மாட்டின் வயசு சொல்வதற்கு ஒப்பாகும். ஆகவே பெரியவரைப் பணிவுடன் கேட்டு, கழுத்தைக் கழற்றி, அதன் அடிப்பாகத்தில் தேதி முத்திரை உண்டா என்று பாருங்கள். பிறகு, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகிகளின் முதுகைப் பாருங்கள். அங்கே 1377412 என்று இருக்குமானால், 137 என்பது செய்த கம்பெனியின் குறி, 74 ஆண்டு, 12 அவ்வாண்டின் வாரம். உறுப்புகளை மொத்தமாக வாங்கி அடுக்கிவைத்துப் பல ஆண்டுகள் செலவிட்டதும் உண்டாதலால், வாத்தியம் அந்தத் தேதிக்கு முந்தியதல்ல என்பதையே அந்த எண் நிரூபிக்கும். அதே ஆண்டில் பிறந்தது என்பதை நிரூபிக்காது. அதே சமயம், 82 என்ற ஆண்டு தென்பட்டால், ஒரு திருகாணிகூட மாற்றவில்லை என்ற வாக்கு அங்கேயே பொய்த்துப்போகிறது.

வயசுக்கு அடுத்தது ஆரோக்கியம். நம் ஊரில் இதுவே பிரதானம். ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் ததும்பும் சிங்கப்பூரில், பகலெல்லாம் புழுக்கத்திலும் இரவெல்லாம் குளிர்சாதனத்திலும் மாறி மாறிக் கிடந்த மரம், பார்வைக்கு நேராக இருந்தாலும் உள்ளுக்குள் முறுக்கிக்கொண்டிருக்கக்கூடும். கீழ்த் தந்தியை முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் ஒருசேர அழுத்திப் பிடித்து, ஏழாவது எட்டாவது பிரெட்டுக்கு மேலே எவ்வளவு இடைவெளி தெரிகிறது என்று கவனியுங்கள். மெல்லிய அட்டை நுழையும் அளவென்றால் க்ஷேமம். அதைவிட மிகுமானால், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடை இன்னும் முறுக்க இடமிருக்கிறதா என்று பழுது பார்ப்பவரைக் கொண்டு சோதியுங்கள். முறுக்கி முடிந்துபோன கம்பியும், தேய்ந்து பள்ளம் விழுந்த பிரெட்டும், வாங்கிய மறுநாளே உங்கள் பையிலிருந்து செலவாக வெளிவருபவை. வீணைக்கு மெழுகை உருக்கி மறுபடியும் மெட்டு அமைப்பதைப் போல இதற்கும் பிரெட்டை மாற்றலாம். ஆனால் மாற்றிய கணமே 'அசல்' என்ற பட்டம் பறிபோகும். தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புகளை மீட்டரில் அளந்தால் ஒவ்வொன்றும் ஏழெட்டு கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே தலைமயிர் போன்ற செப்புக் கம்பி அறுந்திருக்கிறது என்று பொருள்.

இனி உங்கள் மனசாட்சியைக் கேட்க வேண்டிய கேள்வி: இதைக் கைக்கு வாங்குகிறீர்களா, கண்ணுக்கு வாங்குகிறீர்களா? 7,000 வெள்ளியில் ஒரு பகுதி நாதத்துக்கு. மற்றொரு பகுதி, யாரும் கைவைக்காத பழமைக்கு. கல்யாண மேடையில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் காதில் விழுவது முதலாவது மட்டுமே. இளையராஜாவின் பாடல்களில் அந்தக் கீழ்ஸ்தாயி நடை பாட்டுக்குள் இன்னொரு பாட்டாக ஒலிப்பதற்கு, அவர் எழுதிய ஸ்வரமும் அவருக்குப் பேஸ் வாசித்த சசிதரன் போன்றவர்களின் விரலும் காரணமே ஒழிய, மரத்தின் ஜாதகம் அல்ல. 1961-இல் ஹாம்பர்க் நகரில் பால் மக்கார்ட்னி, ஃபெண்டருக்குக் கொடுக்கப் பணமில்லாமல், சுமார் 30 பவுனுக்கு வாங்கிய ஹாஃப்னர் பேஸ் அன்றைக்கு மலிவான ஒரு புதுச்சரக்கு; 1972-இல் லண்டனில் களவுபோய், அரை நூற்றாண்டுக்குப் பிறகு மீண்டு, 2024-இல் உலகச் செய்தியானபோது அதற்குப் பெருமை தந்தது வாசித்தவரின் கை.

ஆகையால் என் அபிப்பிராயம் இது: வர்ணம் மறுபடி பூசப்பட்டதோ, பிக்கப் மாற்றப்பட்டதோ என்று தெரிந்தால் ஏமாற்றம் அடையாதீர்கள், அதுவே உங்கள் அதிர்ஷ்டம். வர்ணம் மாறிய வாத்தியத்துக்கு அசலின் விலையில் பாதியைச் சொல்வது சேகரிப்போரின் வழக்கம். கழுத்து நேராக இருந்தால் நாதத்துக்கு ஒரு குறையும் இல்லை. எல்லாம் அசலே என்று தெளிந்தால், அந்தப் பழமைக்காகத் தனியே பணம் கொடுக்க உங்களுக்கு ஆசை உண்டா என்று ஒரு வாரம் யோசியுங்கள். அந்த வாரத்தில் கோல்மன் தெருவின் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்குப் போய்ப் புதிய ஜாஸ் பேஸ் ஒன்றை அரைமணி நேரம் வாசித்துவிட்டு, உடனே பெரியவரின் வீட்டுக்குப் போய் இதை வாசியுங்கள். விரலுக்கு வித்தியாசம் தெரியாவிட்டால், வீட்டாரின் வாக்கே வேதவாக்கு. வாங்குவதானால் தொடர் எண்ணைக் குறித்து ரசீது எழுதி வாங்குங்கள். வாங்கிய பின் இரவு நேரத்தில் ஹெட்போனில் வாசியுங்கள். கீழ்ஸ்தாயி நாதம் கான்கிரீட்டில் நெடுந்தூரம் நடக்கும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து 1964-ஆம் ஆண்டு பேஸ் ஒன்றைத் தருவிக்க எண்ணுகிறேன். தடை ஏதும் உண்டா?
— வாசகர், ஜூரோங்

பதில்: வாத்தியத்துக்குச் சுங்கத் தீர்வை கிடையாது, கப்பல் கூலியும் காப்புறுதியும் சேர்ந்த விலைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி மட்டும் உண்டு. சங்கடம் மரத்தில் இருக்கிறது. அக்காலத்து விரற்பலகை பெரும்பாலும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1992 முதல் அது சர்வதேச ஒப்பந்தப்படி மிகக் கடுமையாகக் காக்கப்படும் மரம். மற்ற ரோஸ்வுட்டில் செய்த வாத்தியங்களுக்கு 2019-இல் விலக்கு வந்தது, இதற்கு வரவில்லை. அனுப்புகிறவர் அந்நாட்டுச் சான்றிதழும், நீங்கள் இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதியும் முன்கூட்டியே பெற வேண்டும். அந்தச் சான்றிதழ் கைக்கு வருமுன் பணம் அனுப்பாதீர்கள். கடலுக்கு அப்பாலுள்ள மாட்டுக்குப் பல் அதுதான்.