எல்லா மேசைக்கும் ஒரே பதில் ஆகாது

முதல் இன்டர்வியூவில் வாயைத் திறக்காமல் வேலையைக் கோட்டைவிட்டேன். அடுத்ததில் வாயை மூடாமல் கோட்டைவிட்டேன்.

முதலாவது, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் டெக்னிக்கல் ரவுண்ட். கொடுத்த எண்களில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க புரோகிராம் எழுதச் சொன்னார்கள். பரீட்சை ஹாலில் இருப்பதுபோலக் குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். விடை சரிதான். ஆனால் எதிரே இருந்தவர், "நீங்க என்ன யோசிச்சீங்கன்னே தெரியலையே" என்றார். அந்த அறையில் விடையைவிட, அதற்குப் போகும் வழியைத்தான் பார்க்கிறார்கள். எழுதும் முன், "பெரிய எண்ணே ரெண்டு தடவை வந்தா எப்படி எடுத்துக்கணும் சார்?" என்று கேட்டிருந்தாலே அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்.

அடுத்தது ஐ.பி.பி.எஸ். வழியாக வங்கி அதிகாரி வேலைக்கு. நேர்காணலுக்கு 100 மதிப்பெண். இறுதிப் பட்டியலில் மெயின்ஸ் தேர்வுக்கு 80, நேர்காணலுக்கு 20 என்ற விகிதம். மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து பேர்.

"எந்த ஊர்?"

"கரூர் சார்."

"கரூர்ல ஆரம்பிச்ச ரெண்டு பேங்க் சொல்லுங்க."

கரூர் வைஸ்யா, பெயரிலேயே இருக்கிறது. இன்னொன்று வரவில்லை. சென்னையில் கற்ற பாடம் நினைவுக்கு வர, சத்தமாக யோசித்தேன்: "தமிழ்நாடு மெர்க்கன்டைலா... இல்ல, சிட்டி யூனியனா..." தூத்துக்குடியையும் கும்பகோணத்தையும் கரூருக்கு இழுத்து வந்ததுதான் மிச்சம். விடை, லட்சுமி விலாஸ். 1926-இல் கரூரில் தொடங்கி, 2020-இல் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. கல்லூரிக்குப் போகும் வழியில் தினமும் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்தவன் நான்.

இப்படிப்பட்ட போர்டில், தெரியாததை "தெரியலை சார்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவது மேல். கேள்விகள் பெரும்பாலும் நம் பயோடேட்டாவிலிருந்தே முளைக்கும்: ஊர், படித்த பாடம், பொழுதுபோக்கு. இன்ஜினீயரிங் படித்துவிட்டு ஏன் வங்கிக்கு என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கையில் இருக்கட்டும். பதிலை, கேள்வி கேட்டவரைப் பார்த்துத் தொடங்கி, மற்றவர்கள் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்து முடியுங்கள்.

மூன்றாவது, வீடியோ காலில். "டீம்ல ஒருத்தரோட ஒத்துப்போகாத சம்பவம் ஒண்ணு சொல்லுங்க."

"நாங்க பேசித் தீர்த்துக்கிட்டோம் மேடம்."

"அதுல நீங்க என்ன செஞ்சீங்க?"

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் 'நாங்க' என்றே சொன்னேன். 'நான் செய்தேன்' என்பதைத் தற்பெருமையாக நினைத்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே 'நாங்க' என்பதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை; இவர் ஒன்றும் செய்யவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். இதற்கு 'ஸ்டார்' முறை என்று ஒன்று உண்டு: சூழல் என்ன, அதில் என் பொறுப்பு என்ன, நான் செய்தது என்ன, விளைவு என்ன. பிறகு என் வாழ்க்கையிலிருந்து ஐந்து சம்பவங்களை இப்படி எழுதி, ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடத்தில் அக்காவிடம் சொல்லிப் பழகினேன். அதில் இரண்டு, நான் செய்த தவறுகள். அவற்றைத்தான் அதிகம் கேட்கிறார்கள்.

நான்காவது அழைப்பு வந்தபோது ஹெச்.ஆரிடம் போனிலேயே கேட்டுவிட்டேன்: "எத்தனை ரவுண்ட் மேடம்? யார் யார் இருப்பாங்க? புரோகிராம் எழுதணுமா, அனுபவத்தைப் பத்திக் கேப்பாங்களா?" தப்பாக நினைப்பார்களோ என்று அதுவரை கேட்காமல் விட்ட கேள்விகள். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு நிமிடத்தில் எல்லாவற்றையும் சொன்னார்.