பாபா மாளிகையும் பால்மரமும்

மலாக்கா நகரில் முன்னாளில் ஹீரன் வீதி என வழங்கி, இந்நாளில் துன் டான் செங் லோக் சாலை எனப் பெயர் பெற்றுள்ள குறுகிய தெருவில், மூன்று வீடுகளை ஒன்றாக இணைத்த மாளிகை ஒன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பாபா நியோன்யா மரபுடைமை அருங்காட்சியகம் என்பது அதன் பெயர். சான் குடும்பத்தார் நான்கு தலைமுறையாக வாழ்ந்த இல்லம் அது. 1861இல் அக்குடும்பத்தின் கைக்கு வந்து, 1896இல் இன்றைய தோற்றத்தைப் பெற்று, 1980களின் நடுப்பகுதியில் பொதுமக்களின் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது.

சுங்கை வே வட்டாரத்தில் வாழும் நம் வாசகர்கள் காலையில் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பத்தக்க தொலைவே இது. பண்டார் தாசேக் செலாத்தான் பேருந்து முனையத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் மலாக்கா சென்ட்ரலை அடையலாம். செல்வர் வீட்டு நாற்காலியைக் காண இத்தனை தூரம் செல்ல வேண்டுமா என வினவுவோர் உண்டு. வினா நியாயமானதே. ஆயினும் அந்த நாற்காலிக்கும் தோட்டப்புற மக்களாகிய நமக்கும் உள்ள உறவு பலரும் அறியாதது.

மலாக்காவில் குடியேறி, இம்மண்ணின் பெண்டிரை மணந்த சீன வணிகரின் வழித்தோன்றல்களே பாபாக்கள். அவர்தம் பெண்டிர் நியோன்யாக்கள். வழிபாடும் திருமண முறையும் சீனருடையவை, பேச்சு மலாய், பெண்டிரின் உடையோ கெபாயாவும் சாரோங்கும். இக்கலப்பு அவ்வீட்டின் ஒவ்வொரு பொருளிலும் தெரியும்.

தெருவிலிருந்து பார்த்தால் வீடு ஒடுக்கமானது. உள்ளே செல்லச் செல்ல நீண்டுகொண்டே போவது. நடுவே வானம் தெரியும் முற்றம் வெளிச்சத்தையும் காற்றையும் மழைநீரையும் உள்ளே வரவிடுகின்றது. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிக் கேட்டறிந்தோர்க்கு இவ்வமைப்பு அந்நியமாகத் தோன்றாது. முன்கூடத்தில் கருமரத்தில் முத்துச்சிப்பி பதித்த நாற்காலிகள் உள்ளன. பொன்தகடு ஒட்டிய மாடிப்படி ஆணி அடிக்காமல் மரத்தோடு மரம் பொருத்திச் செய்யப்பட்டது என்பர். இரவில் கள்வர் ஏறாதபடி படியின் மேல்வாயை மூடிப் பூட்டும் கதவும் உண்டு. மாடியறைத் தரையில் ஒரு சிறு துளை. வாயிலில் வந்து நிற்பவர் யார் என்பதை வீட்டுப் பெண்டிர் அதன் வழியே மேலிருந்தே கண்டுகொள்வர். செல்வத்தோடு அச்சமும் அங்கே குடியிருந்தது போலும்!

இத்தகைய இடங்களில் அறைக்கு அறை விரைந்து சென்று வியந்து மீள்வதால் பயன் சிறிது. ஒரு பொருளின் முன் நின்று, இஃது எதனால் ஆனது, எங்கிருந்து வந்தது, யார் கை பட்டது, எந்நாளில் பயன்பட்டது எனக் கேட்டுப் பார்த்தல் வேண்டும். இளஞ்சிவப்பும் பச்சையுமாய்ப் பீனிக்ஸ் பறவையும் பியோனி மலரும் தீட்டிய பீங்கானை எடுத்துக்கொள்வோம். அது சீனாவிலுள்ள சிங்தெசென் சூளைகளில், நியோன்யாக்களின் விருப்பத்துக்கு இணங்கச் சுடப்பட்டது. திருமணம் முதலிய மங்கல நாள்களில் மட்டுமே வெளியில் எடுக்கப்பட்டது. துக்க காலத்தில் நீலமும் வெள்ளையுமான கலங்களே புழங்கின. காலணியில் கோத்த நுண்மணிகளோ ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கண்ணாடி மணிகள். அவற்றை ஒவ்வொன்றாகத் தைத்துப் பூவும் பறவையும் ஆக்கியவர்கள் நியோன்யாப் பெண்கள். கடையில் வாங்கிய பளிங்கு விளக்கைவிட அக்காலணியே என் கண்ணுக்கு உயர்ந்த கலை.

இனி நாற்காலிக்கு வருவோம். அதை வாங்கிய பணம் எங்கிருந்து வந்தது? மலாக்கா பாபாக்கள் வாணிபத்திலும் மரவள்ளிப் பயிரிலும் பொருளீட்டி வந்தனர். இம்மாளிகை எழுந்த அதே 1896இல், டான் சே யான் என்னும் மலாக்கா பாபா, சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநர் ரிட்லியின் தூண்டுதலால், புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வாணிப நோக்குடன் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. பின்னர் புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் உருவாயிற்று. இத்தெருவுக்குத் தம் பெயரை வழங்கிய டான் செங் லோக், 1949இல் மலாயா சீனர் சங்கத்தின் முதல் தலைவரானவர். அவரும் 1908இல் ரப்பர்த் தோட்ட நிர்வாகத்தில் பணி தொடங்கியவரே. சான் குடும்பமும் ரப்பர்த் தோட்ட உரிமையாளர் வரிசையில் எண்ணப்படுவது. கங்காணியின் பின் கப்பலேறி வந்த நம் முன்னோர் விடியலில் சீவிய பாலும் இத்தெருவின் செல்வத்தில் கலந்திருக்கின்றது.

மாளிகையைப் பார்த்தபின் பொழுதிருந்தால், அருகிலுள்ள துக்காங் எமாஸ் சாலைக்கு நடந்து செல்லலாம். பொற்கொல்லர் தெரு என்பது அப்பெயரின் பொருள். 1781இல் மலாக்கா செட்டிகள் எழுப்பிய பொய்யாத விநாயகர் ஆலயம் அங்கே உள்ளது. தமிழ் வணிகரின் வழிவந்து, மலாய் பேசி, சிவனையும் விநாயகரையும் வணங்கும் அம்மக்களின் வீட்டுப் பொருள்களைக் காஜா பெராங்கிலுள்ள செட்டி அருங்காட்சியகத்தில் காணலாம்.

பாபா மாளிகையின் நாற்காலி பிழைத்தது, குடும்பத்தார் அதைப் போற்றி வைத்ததால். லயத்து வீட்டின் பொருள்களுக்கு அந்நிலை வாய்க்கவில்லை. சுங்கை வே வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களும் இருந்தன. 1970களில் ஏற்றுமதித் தொழிற்பேட்டை எழுந்தது. தோட்டங்கள் மறைந்து மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தபோது, மங்கும் காண்டா வாளியும் பால்வெட்டுக் கத்தியும் அம்மிக்கல்லும் பழைய இரும்புக்காரரிடமோ குப்பைமேட்டிலோ போய்ச் சேர்ந்தன. எஞ்சியவை இன்றும் சில வீடுகளில் படிக்கட்டின் கீழ்க் கிடக்கக்கூடும்.

அவ்வாறு ஒன்று தம் வீட்டிலிருப்பின், மாணவர்கள் அதனைத் துடைத்து வைத்து, பாட்டி தாத்தாவிடம் கேட்டு, ஓர் அட்டையில் குறித்தல் நன்று. பொருளின் பெயர், செய்த பொருள், தோட்டத்தின் பெயர், பயன்படுத்தியவர் யார், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, கைப்பிடி தேய்ந்திருப்பது எந்தப் பக்கம் ஆகிய விவரங்கள் போதும். அட்டையை நூலால் பொருளோடு கட்டி வைத்தல் வேண்டும். தனியே வைத்த அட்டை தொலைந்துபோகும்.